வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பிரிக்கவும்

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தப் பெண் உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "என்னை எங்கேயாவது அடைச்சு வைங்க சார். நாளைக்குக் காலையில பத்து மணி தாண்டுற வரைக்கும் வெளியே விடாதீங்க."

துப்பறிபவர் நாற்காலியைக் காட்டினார். ஊரில் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பான், அவருக்கு உதவியாக இருக்கும் மச்சினன். அவனுக்கோ நாற்பது வயது தாண்டியும் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"யாரைக் கொலை பண்ணப் போறீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவைத்தான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

"என் வீட்டுக்காரரை" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். கணவர் மூளை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எட்டு வருடம் இயந்திரம் இயக்கியவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. சர்க்கரை நோய் வேறு. தினமும் காலை பத்து மணிக்கு அவள்தான் பத்து யூனிட் இன்சுலின் போடுகிறாள். போன மாதத்திலிருந்து அவருக்கு ஒன்றிரண்டு சொற்கள் திரும்பியிருந்தன. 'தாள்' என்பார், 'பொய்' என்பார். என்ன தாள், என்ன பொய் என்று அவளுக்கு விளங்கவில்லை. நலம் விசாரிக்க வந்த ஆராய்ச்சிக்கூட டாக்டரிடமும் அதைச் சொல்லியிருந்தாள்.

"அவர்தான் ஒரு பரிசோதனைக்கு வாங்கன்னு கூப்பிட்டார் சார். தலையில ஒயர் வச்ச தொப்பியை மாட்டிவிட்டார். மேஜையில அஞ்சு பொருள். சாவி, சீப்பு, கரண்டி, பொத்தான், மணி. இஷ்டத்துக்கு ஒண்ணை எடுங்கன்னார். சாவியை எடுத்தேன். உடனே கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினார். ‘இன்று எடுக்கப்படுவது சாவி’ன்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கார்! மறுநாள் சீப்பு. நாற்காலிக்கு அடியில தாள். பன்னெண்டு நாள், பன்னெண்டும் சரி. முடிவு நீங்க எடுக்கறதில்ல, உங்க மூளை எப்பவோ எடுத்து முடிச்சிடுது, உங்களுக்குத் தகவல்தான் வருதுன்னார்."

மச்சினன் தன் இரு கைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நேத்து ஒரு உறை குடுத்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பிரிக்கவும்னு மேல எழுதியிருந்தது. மனசு கேக்கலை சார். ஆவியில காட்டிப் பிரிச்சுட்டேன்." அவள் நீட்டிய தாளில் மூன்றே வரிகள் இருந்தன.

‘வெள்ளி, காலை பத்து மணி.
கணவன் உடம்பில் பத்து மடங்கு மருந்தை ஏற்றுவாள்.
அவளால் தடுக்க முடியாது.’

"இந்தக் கையால ஒரு நூல் அளவு தப்பினதில்ல சார். இப்ப இது என் கை மாதிரியே இல்ல. அவர் பக்கத்துல போகவே பயமா இருக்கு. ராத்திரி பூரா சமையலறையில உள்பக்கமா தாழ் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

நிதானம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "சாவி எடுத்த நாளெல்லாம் தாள் எங்கேர்ந்து வந்தது?"

"கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து."

"சீப்புன்னா?"

"நாற்காலிக்கு அடியில. கரண்டின்னா காலண்டருக்குப் பின்னால."

"நீங்க எழுந்து போய் மத்த இடத்தைப் பாத்திருக்கீங்களா?"

"எங்க சார் எழுந்திருக்கறது? தலை பூரா ஒயர்."

"இன்சுலின் பாட்டில் யார் வாங்கறது?"

"நான்தான். இந்தத் தடவை மட்டும் டாக்டரே குடுத்தார். பழசு இன்னிக்கோட தீருது. நாளைக்குப் புதுசைத் திறக்கணும்."

நிதானம் எழுந்து செருப்பை மாட்டினார். அவர் இவ்வளவு வேகமாக எழுந்து மச்சினன் பார்த்ததே இல்லை. அவள் வீட்டுக்குப் போய்த் திறக்காத புதுப் பாட்டிலை எடுத்து, இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்துப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, மூவரும் மூன்று மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார்கள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. "எங்க அண்ணன். அவரும் பாக்கணுமாம்" என்று அவள் சொன்னாள். டாக்டர் சிரித்த முகத்தோடு தொப்பியை மாட்டினார். நிதானம் பொத்தானை எடுத்தார்.

"பாருங்க" என்று டாக்டர் தன் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தார். ‘இன்று எடுக்கப்படுவது பொத்தான்.’

"அபாரம்" என்றார் நிதானம். "மச்சான், கடிகாரத்துக்குப் பின்னால கையை விடு."

மச்சினன் பாய்ந்தான். ‘இன்று எடுக்கப்படுவது சாவி.’ நாற்காலிக்கு அடியில் சீப்பு. காலண்டருக்குப் பின்னால் கரண்டி. பூச்சாடிக்குக் கீழே மணி. ஐந்து தாளும் மேஜைக்கு வந்தன.

"அஞ்சுக்கும் எழுதி வச்சுட்டு, எடுத்ததுக்கு உரியதை மட்டும் காட்டுறீங்க. இதுக்குத் தொப்பி எதுக்கு? ஆளை நாற்காலியோட கட்டிப் போட."

டாக்டர் அசரவில்லை. "நம்பிக்கைக்காகச் சின்ன வேடிக்கை. ஆனா மூளை விதிப்படிதான் ஓடும். அது விஞ்ஞானம்."

"இருக்கட்டும். வெள்ளிக்கிழமை உறையில தாள் ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு இல்ல. நாளைக்கு நடக்கறது உங்களுக்கு அவ்வளவு உறுதியாத் தெரியுது. இந்தம்மாவோட மூளையைப் படிச்சதனாலயா? அப்படின்னா, இவங்க உறையை முன்னாடியே பிரிச்சுடுவாங்கன்னு ஏன் படிக்கலை?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையைக் கண்டு அவள் மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு என்ன நடக்கும்னு திட்டவட்டமாத் தெரிஞ்சது, அதுக்கு ஏற்பாடு பண்ணினவருக்குத்தான். நீங்க குடுத்த பாட்டில் மேல பழைய பெயர்ச்சீட்டு, உள்ளே பத்து மடங்கு வீரியமான மருந்து. இவங்க வழக்கம்போலப் பத்து யூனிட்தான் எடுப்பாங்க. அவர் செத்துடுவார். பன்னெண்டு மணிக்கு உறையைப் பிரிச்சுப் பாத்துட்டு, நான்தான் கொன்னேன்னு இவங்களே போய்ச் சரணடைவாங்க. பாட்டிலை யாரும் சோதிக்க மாட்டாங்க."

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பாட்டிலைச் சோதித்ததில் தெரிந்ததும் அதுவேதான் என்றார்.

"எட்டு வருஷம் இயந்திரத்துல வந்த தாளை வீட்டுக்காரர் பாத்தவர்" என்றார் நிதானம். "மூளை முன்னாடியே முடிவெடுக்குதுன்னு நீங்க காட்டின கணக்கெல்லாம் நீங்களே திருத்தினது. அவர் சொல்ற ‘தாள்’, ‘பொய்’ அதுதான். பேச்சு முழுசாத் திரும்பறதுக்குள்ள அவர் வாயை அடைக்கப் பாத்தீங்க."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "நான் முடிவு பண்ணலை" என்றார் மெதுவாக. "என் மூளை இப்படித்தான் ஓடியிருக்க முடியும். என்னால வேற எதுவும் செஞ்சிருக்க முடியாது."

"அதனால என்ன, மூளையையும் சேர்த்தே கூட்டிட்டுப் போறோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை பத்து மணி. மருத்துவமனையிலிருந்து வந்த புதிய பாட்டில் மேஜைமேல் இருந்தது. அவள் சிரிஞ்சை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"எல்லாம் புளுகுன்னு தெரிஞ்சும் இந்தக் கையை நம்ப முடியலை சார். உண்மையைச் சொல்லுங்க. மூளை சொன்னபடிதானா எல்லாம்?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் நிதானம். "ஆனா அவர் செத்துடக் கூடாதுன்னு ராத்திரி பூரா தாழ் போட்டுட்டு உக்காந்தீங்களே, அதுவும் உங்க மூளைதான்."

"நான் நர்ஸைக் கூட்டிட்டு வரவா?" என்று மச்சினன் செருப்பைத் தேடினான்.

அவள் கட்டிலருகே போனாள். மூன்று வரித் தாளைக் கணவரின் இடது கையில் கொடுத்தாள். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் வெகுநேரம் படித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். தாளைக் கீழே போட்டுவிட்டு, சட்டைக் கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்து, புஜத்தை அவளிடம் நீட்டினார்.

"நீ... போடு."

அவள் சிரிஞ்சில் பத்தாவது கோடு வரை மருந்தை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து மூன்று தரம் பார்த்தாள். நான்காவது தரமும் பார்த்தாள். போட்டாள்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் மூச்சை எண்ணி எண்ணித் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அரை மணி நேரம் போனது. கணவர் வாயைத் திறந்தார். மூவரும் எழுந்துவிட்டார்கள்.

"சாப்பாடு எங்கடி?" என்றார், ஒரு சொல்லும் தடுமாறாமல்.

அவள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் ஓவென்று அழுவது கேட்டது.