அழிக்க முடியாத டிவிடி

“அழிஞ்சுபோனா அம்மா மூஞ்சி எங்க போகும்?”

எட்டு வயது நிறைந்த அன்று, வீட்டுக் கூடத்தில் அந்தச் சிறுமி கேட்டாள்.

காலை 10.15. தொலைக்காட்சித் திரை நீலமாகவே நின்றது. ஏழு மாதம் முன்பு நோயில் இறந்த தாய், மகளின் இந்தப் பிறந்தநாளுக்கென்று நாற்பது நிமிடம் பேசிப் பதிவு செய்து வைத்த டிவிடி அது. உறையின் மேல் அவள் கையெழுத்து: ‘என் செல்லத்துக்கு.’ உள்ளே இருந்ததோ வெற்று டிவிடி.

11.40. தகப்பன் கொடுத்த புகாரின் பேரில், அதைப் பதிவு செய்து கொடுத்த கடைக்காரரைக் காவல் நிலையத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். தகப்பன் விட்ட அறையில் அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்திருந்தது. பெண் இன்ஸ்பெக்டர் வந்ததும் முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். இறைவன் சில நாள் ஒரு நாற்காலி அளவுக்குத்தான் வருகிறார்.

“வெறும் டிவிடியக் குடுத்து ஏமாத்தினீங்களா?”

“இல்ல மேடம். குடுக்கறதுக்கு முன்னாடி முழுசாப் போட்டுப் பாத்தேன். எப்பவும் பாப்பேன்.”

“வேற காப்பி?”

“கம்ப்யூட்டர்ல இருந்தத அந்தம்மா கண்ணு முன்னாடியே அழிச்சுட்டேன். மக மட்டும்தான் பாக்கணும்னாங்க.”

“இது அழிச்சு எழுதற ரகமா?”

“அழியறது, அழியாதது ரெண்டும் காட்டினேன். ‘யாராலயும் அழிக்க முடியாததாக் குடுங்க’ன்னு சொல்லி, இருமிக்கிட்டே சிரிச்சாங்க. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் மேடம். கேமராவ நிறுத்தச் சொல்லி, தன் பிளாஸ்க்ல இருந்த வெந்நியை எனக்கு ஊத்திக் குடுத்தாங்க. நான் ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லல.”

12.30. கடை. மேசை மேல் டிவிடி எழுதும் பழைய கருவி. தண்ணீர் டம்ளருக்கு அடியில் ஒரு டிவிடி.

“இதென்ன, டம்ளருக்குத் தட்டா?”

“சாம்பிளா வந்தது மேடம். டிவிடில பிளஸ், மைனஸ்னு ரெண்டு வகை, இது பிளஸ். என் மிஷின் மைனஸ்லதான் எழுதும். பிளஸ்ஸ வெச்சாத் துப்பிடும். அதனால நான் வாங்கறதே இல்ல. பாக்க ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. நடுவுல பொடி எழுத்தப் பாத்தாத்தான் தெரியும்.”

அலமாரியில் இருந்த அத்தனையும் மைனஸ். இன்ஸ்பெக்டர் கைப்பையிலிருந்து அந்த வெற்று டிவிடியை எடுத்துக் கருவியில் வைத்தார். கருவி முனகியது, துப்பியது.

2.05. வீடு. இன்ஸ்பெக்டர் எழுதக் காகிதம் கேட்டார். தகப்பன் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். இன்ஸ்பெக்டரின் கண் இழுப்பறைக்குள்ளேயே சற்று நின்றது.

“டிவிடி இருந்த பீரோ சாவி?”

“என் இடுப்புலதான். கடைக்காரன் குடுத்த அன்னிக்குப் பூட்டினது. இன்னிக்குக் காலைலதான் வெளில எடுத்தேன்.”

“வேற யாரும் தொட்டிருக்க முடியாது?”

“முடியவே முடியாது.”

“அப்ப மாத்தினது நீங்க.”

தகப்பன் சிரிக்கப் பார்த்தான்.

“உறைக்குள்ள இருந்தது பிளஸ். அது அவர் மிஷின்ல எழுதாது, கடைலயும் கிடையாது. உங்க இழுப்பறைல அஞ்சு பிளஸ் உள்ள பாக்கெட் இருக்கு. இப்ப அதுல நாலுதான். முதல்ல அழிக்கப் பாத்திருப்பீங்க. முடியல. அதுக்குன்னே கேட்டு வாங்கியிருக்காங்க அந்தம்மா. அழியற ரகமா இருந்திருந்தா அதையே அழிச்சு வெச்சிருப்பீங்க, நானும் இந்நேரம் அந்த அப்பாவிய உள்ள தள்ளியிருப்பேன்.”

அவன் இழுப்பறையை மூடினான். பிறகு, “உடைச்சுட்டேன்” என்றான். “அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். இவ தெனமும் அதையே போட்டுப் பாத்துட்டிருந்தா, வரப்போறவள அம்மான்னு கூப்பிடுவாளா?”

கதவோரம் சிறுமி நின்றிருந்தாள். “உடைக்கறதுக்கு முன்னாடி நீ பாத்தியாப்பா?”

“இல்ல.”

“ஒரு வாட்டிகூடவா?”



அன்று மாலையே சிறுமியை அவள் சித்தி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

நான்காம் நாள், நண்பகல். சித்தி வீட்டுத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டியிருந்த ஒருவர் அந்த வீட்டு வாசல் தபால் பெட்டி அருகே நின்றார். அவர் கையில் ஒட்டிய உறை. அதற்குள் பதினோரு தாள்கள். அன்று முழுசாகப் போட்டுப் பார்த்ததில் நினைவில் நின்ற ஒவ்வொரு சொல்லையும் எழுதியிருந்தார். நினைவில்லாத இடங்களில் தானாக எதையும் சேர்க்காமல் வெற்றிடம் விட்டிருந்தார். ஓரங்களில் சின்ன எழுத்தில்: ‘இங்கே சிரித்தார்கள்.’ ‘இங்கே உன் பேரை இரண்டு முறை சொன்னார்கள்.’

தன் பெயரை எங்கும் போடவில்லை. உறையை உள்ளே தள்ளினார். பெட்டியின் மூடி சத்தமிடாதபடி விரலால் பிடித்து, மெல்ல விட்டார்.