அளவு கொடுக்க வந்தவள்

"சாப்டியா பாப்பா?" என்று தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா கேட்டாள். மகள் வாயைத் திறப்பதற்குள் "சாப்டேம்மா" என்று பதில் போய்விட்டது. அவளுடைய குரலேதான். ஆனால் அது அவள் தொண்டையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து, சமையலறைப் பக்கமிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷமாக அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி, இப்போது ஆள் இல்லாமலே அது தானாகக் கேட்கிறது போல, என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இன்று பொய் சொல்லக்கூடாது. நேற்றுதான் மருத்துவர் அவ்வளவு நிதானமாகச் சொல்லியிருந்தார். "இது உங்க பிடிவாதம் இல்ல, அழகுப் பைத்தியமும் இல்ல. நோய். குணமாகும். ஆனா தனியா மல்லுக்கட்டாதீங்க. இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அம்மாவிடம் சொல்வது அவ்வளவு லேசா? வாசலில் நுழைகிற எந்தப் பெண்ணின் இடுப்பையும் கண்ணாலேயே அளந்துவிடுகிற கெட்டிக்காரி, பெற்ற மகள் இளைத்ததை மட்டும் பார்க்கவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கினால், "இந்தக் காலத்துத் துணி ரெண்டு தடவ தண்ணில போட்டா தளர்ந்து போயிடுது" என்று மில்காரனைத் திட்டிக்கொண்டே பக்கத் தையலைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுப்பாள். இதுவரை நான்கு சட்டை பிடித்தாயிற்று. நான்கு தடவையும் திட்டு மில்காரனுக்குத்தான். அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டியிருந்தது. மிஷின் எண்ணெய் வாசனையும், சூடான இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஈரத்துணி வெந்த வாசனையும் அறை முழுக்க அடைந்து கிடக்க, அந்தக் கடகடப்புக்கு நடுவே வேறொரு சத்தம், மெதுவாக, அவசரமே இல்லாமல், யாரோ எதையோ மென்று விழுங்குகிற சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மனப்பிரமை என்று நினைத்தாள். நினைத்த பிறகும் அது நிற்கவில்லை.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுடி. காது உன்கிட்டதான் இருக்கு."

"நான் சாப்பிடறதே இல்லம்மா. சாப்பாட்டைப் பாத்தாலே பயமா இருக்கு. உனக்குத் தெரியாம தூக்கிப் போட்டுடறேன். என்னால நிறுத்த முடியல. எனக்கு உதவி வேணும்மா."

சொல்லிவிட்டாள். மிஷின் நின்றது. அம்மாவின் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தபோது, பயத்தையும் மீறி அவளுக்கு நெஞ்சு லேசானது.

"என்னடி உளர்ற? இப்பதானே என் கண்ணு முன்னாடி உக்காந்து சாப்ட்டே?"

அம்மா அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைத் தாண்டி, சமையலறை வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"சும்மா வெளையாட்டுக்கும்மா" என்றது அங்கிருந்து அவள் குரல்.

"போடி, உசுரே போயிடுச்சு எனக்கு."

காலடிச் சத்தம். நெருங்கியது. அவளை உரசிக்கொண்டு போனது. போட்டிருந்தது அவளுடைய நீலச் சட்டை, பக்கம் பிடிக்காதது. உடம்போடு பொருந்தியிருந்தது. அவளுடைய முகம்தான். கன்னம் நிறைய. வாய் மென்றுகொண்டிருந்தது.

அது அம்மாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய விரல்களால் அம்மா அதன் தலையைக் கோதினாள்.

"அம்மா" என்றாள் அவள்.

அம்மா நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் மலர்கிற முகம்.

"வாங்க. அளவு கொடுக்க வந்தீங்களா?"

வாங்க. பிறந்ததிலிருந்து அவளிடம் சொல்லாத வார்த்தை.

"அம்மா, நான்தாம்மா."

"தெரியலியே. தப்பா நெனைக்காதீங்க, இங்க வர்றவங்க எல்லாரும் என்னை அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. பாப்பா, அந்த டேப்பை எடு."

வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? யோசித்தாள். வேறு சொல்லே அவளிடம் இல்லை.

டேப் இடுப்பைச் சுற்றி வந்தது. அம்மாவின் விரல்கள் சூடாக இருந்தன. இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். கை நின்றது. அந்தக் கண்களில் முதல்முறையாகக் கவலை வந்தது. உண்மையான கவலை.

"ரொம்ப இளைச்சிருக்கீங்களே. வீட்ல அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

அம்மாவின் தோளில் தாடையை ஊன்றியிருந்த அது, மெல்வதை நிறுத்தியது. அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.