ஒன்பது கம்பி, பத்தொன்பது கட்டி

அந்தச் சின்ன ஐஸ் மெஷினுக்குள் இருப்பது ஒன்பது கம்பிகள். கம்பியைச் சுற்றித் தண்ணீர் உறையும். ஒரு சுற்றுக்கு ஒன்பது கட்டிகள் விழும். இந்த வீட்டில் பத்தொன்பது விழுகிறது என்று போனில் புகார் வந்திருந்தது.

“கம்மியா வருதுன்னுதான்க்கா எல்லாரும் கூப்பிடுவாங்க,” என்றான் மெக்கானிக். “கூட வருதுன்னு கூப்பிட்ட முதல் ஆளு நீங்கதான்.”

தையல்காரி சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் வேறு யாருடையதோ போல மடியில் போட்டுக்கொண்டு, உறை போட்டு மூடிய தையல் இயந்திரத்தின் அருகே உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் வெயில் திரைச்சீலையில் தேங்கி நிற்க, புதுத் துணியின் கஞ்சி வாசனைக்கு நடுவே, சமையல் மேடையிலிருந்து அந்த மெஷினின் முனகல் ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டிருந்தது.

“இப்பல்லாம் தைக்கிறதில்லையாக்கா?”

“ரெண்டு மாசமாச்சு தம்பி. கை மரத்துப்போச்சு. ஊசி விரல்ல ஏறினதைக்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

அவன் பழைய தண்ணீரை வடித்தான். பம்பின் வடிகட்டியைப் பிரஷ்ஷால் தேய்த்தான், உப்புப் படிவைக் கழுவினான், புதுத் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டான். கம்பிகள் முங்கும் தட்டில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தான். விட்டால் நீரோட்டம் உடனே தெரியும். பதினோரு வருடப் பழக்கம். எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, எந்த மோட்டார் அதிர்கிறது என்று சொல்வதும் அந்த விரல்தான். அதை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஓட்டம் சரியாக இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டான்.

எட்டு நிமிடம். கட்டிகள் விழும் சத்தம். ஒன்பது. சிறு இடைவெளி. மேலும் பத்து.

பிறகு ஒன்று.

அந்தக் கடைசிக் கட்டியை எடுத்தான். கம்பியில் உறைந்த கட்டிகளின் துளை வழவழப்பாக இருக்கும். இதில் வரிகள் இருந்தன. நகத்தின் விளிம்பு இருந்தது. குறுக்கே சாய்வாக ஒரு கோடு. எப்போதோ மின்விசிறித் தகடு அவன் விரலில் கிழித்த அதே தழும்பு.

விரலை அதற்குள் நுழைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

குளிரவில்லை.

விரலைக் கடித்தான். இன்னும் அழுத்திக் கடித்தான். பல் பதிந்தது. வலி இல்லை.

“உள்ள விரலை விட்டியா?” தையல்காரியின் குரலில் பதற்றமே இல்லை. “நானும் அன்னைக்குக் கழுவுறேன்னு ரெண்டு கையையும் விட்டேன்.”

இரண்டு கை. பத்து விரல்.

பிளக்கைப் பிடுங்கினான். முனகல் நின்றது. மூடியைத் தூக்கினான்.

ஒன்பது கம்பிகளில் பனி வெளுத்திருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில், கம்பியே இல்லாத வெறும் தண்ணீரில், பதினொரு கட்டிகள் உறைந்துகொண்டிருந்தன. மின்சாரம் இல்லாமல். நடுவில் துளையோடு.

விரலை மடக்கினான். கையிலிருந்த விரல் குச்சி போல நீட்டியபடியே நின்றது.

தட்டில், பதினொன்றாவது கட்டி உடையாமல் மெல்ல மடங்கியது.