தலையில் அடித்துச் சத்தியம்

"என்ன யசிந்தா, இண்டைக்கும் சென்ட்-ஆனுக்கோ?"

புட்டுக் குழலைக் கவிழ்த்துக்கொண்டிருந்த யசிந்தாவின் கை ஒரு கணம் நின்றது. மச்சாள் சிவநேசத்தின் குரலில் தேன் ஒழுகியது. அந்தத் தேனுக்குள் ஊசி இருப்பது யசிந்தாவுக்குத் தெரியாதா என்ன! இருபத்தேழு வருடமாக அந்தக் குடும்பத்து மருமகள் அல்லவா!

"ஓம் மச்சாள்... ஒரு அலுவல் இருக்கு."

"செவ்வாயும் அலுவல், வெள்ளியும் அலுவல். நல்ல அலுவல்தான்!"

சிவநேசம் ஸ்காபரோவிலிருந்து மொன்றியல் பக்கத்துக் கர்க்லாண்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. போன மாரியில் இதயத்துக்குள் குழாய் வைத்துப் பிழைத்த தம்பி ஸ்ரீதரனைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னார். கைப்பையைத் திறந்ததும் வெளியே வந்தது என்னவோ ஒரு சாதகம். துஷாந்தினி என்ற பிள்ளையுடையது. அதைத் தம்பியின் மகன் விதுர்சனுக்குப் பொருத்தி, பெண் வீட்டாருக்கு வாக்கும் கொடுத்துவிட்டுத்தான் மனுஷி பஸ் ஏறியிருந்தார்.

வந்த நாளிலிருந்து அவருடைய கண்ணுக்கு ஓய்வில்லை. அவித்த புட்டில் பாதி ஒரு பெட்டிக்குள் போய் மறைவதைப் பார்த்தார். போன் அடித்தால் யசிந்தா குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதைப்பதைக் கவனித்தார். முனையில் இருக்கும் தெப்பனேர்ச் சில்லறைக் கடையில் அவள் இரண்டு மெழுகுதிரி வாங்கியதையும், அதைப் பாலுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்ததையும் கண்டுபிடித்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சிவநேசத்தின் கண்ணுக்கு அந்த இரண்டு மெழுகுதிரியும் ஒரு முழு மாதா கோயிலாகத் தெரிந்தன.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. யசிந்தா பாசையூர் செபமாலையின் மகள். கத்தோலிக்க வேதக்காரி. மொன்றியலுக்கு அகதியாக வந்த புதிதில், பிரெஞ்சு வகுப்பில் பக்கத்து வாங்கிலில் இருந்த சைவப் பொடியன் ஸ்ரீதரனை விரும்பிக் கட்டினாள். "கட்டு, ஆனால் மாதா கோயில் வாசலை மிதிக்கக் கூடாது" என்று மாமியார் ஊரிலிருந்து போனில் சொன்னார். சரி என்றாள். கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றி வைத்தவள்தான். சொந்தத் தகப்பன் செத்தபோதுகூட, பூசை முடியும்வரை பனி கொட்டும் கோயில் படியிலேயே நின்று அழுதவள் அவள். அப்படிப்பட்டவள்மேல்தான் இப்போது இந்தச் சந்தேகம்!

பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தபோது ஸ்ரீதரன் சமையலறைக்குள் வந்தார். முகம் சரியில்லை. இரவு முழுக்கத் தமக்கை ஓதியது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"யசி, சென்ட்-ஆனிலை உனக்கு ஆர் இருக்கினம்?"

"தெரிஞ்ச ஆக்கள்..."

"எனக்குத் தெரியாத தெரிஞ்ச ஆக்களோ?"

சிவநேசம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாடகம் பார்க்க வந்தவர் முன்வரிசையில் இடம்பிடித்த மாதிரி இருந்தது.

"நான் சொல்லுறன் தம்பி. புதன்கிழமை இவளின்ரை போன் இந்த மேசையிலை கிடந்தது. மெசேஜ் வந்து விழுந்துது. நான் என்ரை ரெண்டு கண்ணாலையும் வாசிச்சனான். 'விது ப்ளெஸ்ட்' எண்டு கிடந்துது. ஆர் அனுப்பினது? றெனோல்ட் எண்டு ஒருத்தன். பேரைப் பார்த்தாலே பாதிரி எண்டு தெரியேல்லையே? ப்ளெஸ்ட் எண்டால் என்ன? ஆசீர்வாதம்! பிள்ளையைக் களவாக் கூப்பிட்டு, சென்ட்-ஆன் எண்ட அந்தச் சந்தன்னம்மாள் கோயிலிலை வைச்சு வேதத்துக்கு மாத்திப்போட்டாள்! இல்லாட்டி ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக் குடுத்திட்டாள்! துஷாந்தினி வீட்டாருக்கு நான் என்ன மறுமொழி சொல்லுவன்?"

யசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள், விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வரும் குஞ்சுகளின் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறவள். ஆனால் அதை விளக்கினால் மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள்.

"விது அமெரிக்காவிலை தன்ரை டீமோடை நிக்கிறான். தோள்மூட்டிலை சின்ன நோ எண்டு எனக்கு அவனே சொன்னவன்," என்றார் ஸ்ரீதரன். ஆனால் குரலில் உறுதி இல்லை. "என்ன யசி? அவன் அங்கைதானே நிக்கிறான்?"

அவள் தலை குனிந்தாள்.

"இங்கையோ நிக்கிறான்! மொன்றியலிலையோ! என்னட்டை வராமல்...!"

அவருடைய சத்தத்தில் அலுமாரிக் கோப்பைகள் அதிர்ந்தன. ஸ்ரீதரனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மகனுக்கு ஐந்து வயதிலிருந்து விடியப்புறம் ஐஸ் ஹொக்கி அரீனாவுக்குக் காரோட்டியவர், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கத்திக் கத்தியே தொண்டையை அப்படி ஆக்கிக்கொண்டார். குவிபெக்கின் சின்னச் சின்ன ஊர்களிலெல்லாம் பிள்ளை விளையாடினான். ஒலிபெருக்கிக்காரன் 'ஸ்ரீதரன்' என்ற பெயரைக் கடித்துத் துப்பும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று திருத்துவார். இரண்டாந்தர லீக்கில் ஆறு வருடம். பெரிய லீக்கில் பதினொரு ஆட்டம். எங்கள் சனத்தில் வேறு எவன் அதுவரை போனான் என்று கோயில் மண்டபத்தில் கேட்காத நாளில்லை. அந்தப் பதினோராவது ஆட்டத்தில், ஐஸ் தளத்து ஓரப் பலகையோடு பலகையாக மகனை ஒருவன் மோதி நசித்ததை ரீவியில் பார்த்த இரவில்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது. அடுத்த அடி அவருக்குத் தாங்காது என்று டொக்டர் யசிந்தாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"இஞ்சருங்கோ, சத்தம் போடாதேங்கோ... உங்களுக்குக் கூடாது..."

"எனக்கு எது கூடாது எண்டு நீ சொல்லாதை! உள்ளதைச் சொல்லு. கோயிலுக்குப் போனியா இல்லையா?"

"இல்லை."

"அவனைக் கூட்டிக்கொண்டு போனியா?"

"இல்லை!"

"அப்ப சத்தியம் பண்ணச் சொல்லு தம்பி," என்றார் சிவநேசம். "பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். உண்மை எண்டால் ஏன் பயப்பிடவேணும்?"

ஸ்ரீதரன் மனைவியைப் பார்த்தார். "பண்ணு யசி. விதுவின்ரை தலையிலை அடிச்சு, ஒளிச்சு ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லு. நான் நம்புறன்."

யசிந்தா பையை விட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"ஐயோ, அவன்ரை தலையை இழுக்காதேங்கோ!"

அது பேச்சல்ல, ஓலம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "என்ரை தலையிலை அடிக்கச் சொல்லுங்கோ, நெருப்பிலை கையை வைக்கச் சொல்லுங்கோ, வைக்கிறன்! அவன்ரை தலையிலை மட்டும் மாட்டன்!"

"பாத்தியே தம்பி!" சிவநேசம் தொடையில் தட்டினார். "கையும் களவுமாப் பிடிபட்டாச்சு!"

ஸ்ரீதரன் மெல்ல மேசையைப் பிடித்துக்கொண்டார். கோபம்கூட இல்லை இப்போது. அதைவிடக் கொடியது ஒன்று வந்திருந்தது. இருபத்தேழு வருடம் பக்கத்தில் படுத்தவளை யாரோ மாதிரிப் பார்த்தார். "அம்மா அப்பவே சொன்னவ. நான்தான் கேக்கேல்லை," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா! யசிந்தா கோட்டை எடுத்து மாட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவில்லை. பையைத் தோளில் போட்டுச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தபோது மேசையில் இருந்த போன் 'டிங்' என்றது. அவள் குனிந்து நின்ற அந்த ஒரு கணத்தில் சிவநேசம் பாய்ந்து எடுத்துவிட்டார்.

"பார், திரும்பவும் அந்தப் பாதிரிதான்! திரும்பவும் அதே ப்ளெஸ்ட்தான்!"

"மச்சாள், தாங்கோ! தயவுசெய்து..."

"தரமாட்டன்! நான் எழுத்தெழுத்தா வாசிக்கிறன், கேள் தம்பி. பி... எல்... ஈ... எஸ்... எஸ்... ஈ. கடைசி ஈக்கு மேலை ஏதோ ஒரு கீறு கிடக்கு, ஊத்தையாக்கும்," என்று சீலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தார். "போகுதில்லை."

ஸ்ரீதரன் நிமிர்ந்தார்.

"அக்கா... கீறோ?"

"ஓம், சின்னக் கீறு."

அவர் போனை வாங்கினார். இருபத்தைந்து வருடம் பக்கத்து ஊர் லொங்குய்யில் பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்த மனிதர். ஸ்காபரோ மனுஷிக்கு ஊத்தையாகத் தெரிந்த கீறு அவருக்கு எழுத்தாகத் தெரிந்தது. ப்ளெஸே! பிரெஞ்சுச் சொல். ஆசீர்வாதம் அல்ல, காயம். உதட்டை அசைத்து அசைத்து மிச்சத்தையும் வாசித்தார். டொக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். தலையில் காயம் மிக அதிகம். இனி ஹொக்கி இல்லை. விது அழுகிறான், உடனே வாருங்கள்.

போனை மேசையில் வைத்தார்.

"தலையிலை... தலையிலையா யசி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சுவரோடு சாய்ந்து நின்று சொன்னாள். விதுவுக்கு மூன்றாவது தரம் தலையில் அடி பட்டது. லைற் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பழைய டீம்காரன் றெனோல்டின் வீட்டு நிலவறையில், ஒரு மெழுகுதிரியோடு ஒரு மாதமாகக் கிடக்கிறான். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா, டொக்டர் முடிவு சொன்னாப்பிறகு நானே சொல்லுறன். இப்ப சொன்னால் அப்பா செத்துப்போவார்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அவ்வளவுதான்.

"அப்ப அந்தச் சந்தன்னம்மாள்...?" என்று சிவநேசம் வாயெடுத்தார்.

"அது ஊரின்ரை பேர் அக்கா!" என்று கத்திய ஸ்ரீதரன், கார்த் திறப்பைத் தேடினார்.

இருபது நிமிட ஓட்டம். றெனோல்ட் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்துக் கீழே காட்டினான். யன்னலெல்லாம் கறுப்புத் துணி. மூலையில் ஒரு திரி எரிந்தது. அந்த ஆறடிப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான்.

"அப்பா...?" அவன் பதறி எழும்பினான். "ஷொரி அப்பா... ஐ ஆம் டன். இனி என்னாலை ஏலாது. எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறியள்... உங்கடை பேரைப் போட்டுக்கொண்டு விளையாடினனான்... ஷொரி..."

எப்போதும் கத்துகிற அந்த மனிதர் அன்றைக்கு ரகசியம் பேசினார். "ஆர் கேட்டது ஹொக்கியை? நீ இருக்கிறாய். எனக்கு அது காணும்." கட்டிப்பிடித்தார். மகனின் தலையைத் தன் தோளில் சாய்த்தபோது, தொட்டால் நொந்துவிடுமோ என்று அவருடைய கை காற்றிலேயே நின்றது. யசிந்தா போய் அந்தக் கையை எடுத்துப் பிள்ளையின் பிடரியில் மெல்ல வைத்தாள்.

படியடியில் நின்ற சிவநேசம் மூக்கை உறிஞ்சினார். "யசிந்தா... என்ரை நாக்கிலை புண் வர. என்னை மன்னியும்."

"மன்னிச்சிட்டன் மச்சாள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, அது பிழையில்லை." யசிந்தா கணவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "ஆனால் உங்களுக்கு என்னைத் தெரியும். தெரிஞ்சும், என்னை நம்ப உங்களுக்கு ஒரு போன் தேவைப்பட்டுது."

ஸ்ரீதரன் பிள்ளையைப் பிடித்தபடியே அழுதார்.

யசிந்தா பையைத் திறந்து, ஆறிப்போன புட்டை மகனுக்குக் குழைத்துத் தீத்தினாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டதும் சொன்னாள்:

"வாற ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகப்போறன். அடி இன்னும் கொஞ்சம் பலமா விழுந்திருந்தால் இவன் இல்லை. அதுக்கு நான் நன்றி சொல்லவேணும். ஒளிச்சுப் போகேல்லை. உங்கள் ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டுப் போறன்."

சிவநேசம் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"எத்தினை மணிக்குப் பூசை?" என்று ஸ்ரீதரன் கேட்டார்.

"பத்துக்கு."

"அப்ப ஒன்பதரைக்குக் காரை எடுக்கிறன்," என்றார் அவர்.