மீன் கடைக்கு 401!

"வீல்ல்ல்...!"

செம்மண்டலத்தில் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியே அதிர்ந்தது.

அலறியது பவானி. அவள் எதிரே திரையில் சிவப்பாகக் கிடந்தது... 401. அனுமதி இல்லை!

முதலாளி தங்கராசு ஓடி வந்தார். "என்னாம்மா, ஷாக் அடிச்சிடுச்சா?"

"ட்விட்டர் உள்ள வுட மாட்டேங்குது சார்!"

சிதம்பரத்தில் சின்னையன் மீன் கடை. தினமும் என்ன மீன் வந்திருக்கிறது என்பதை, பவானி எழுதும் புரோகிராமே ட்விட்டரில் போட வேண்டும். அதற்கு ட்விட்டர் கொடுத்த கீயும், சீக்ரெட் என்கிற ரகசிய எழுத்துக் கோவையும் கடையிலிருந்து ஈமெயிலில் வந்திருந்தன. பவானி இரண்டையும் காப்பி பண்ணி புரோகிராமில் ஒட்டியிருந்தாள்.

இன்றைக்குள் ஓடாவிட்டால் வேலை போச்சு! வேலை போனால் அப்பா பார்த்திருக்கும் விருத்தாசலம் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். போட்டோவிலேயே குறட்டை விடுகிற முகம். பவானிக்கு அழுகை முட்டியது.

தங்கராசு குரலைத் தாழ்த்தினார். "அந்த சீக்ரெட்டை எவனோ மாத்திட்டான். உள்ளாள் வேலை!"

"அனுப்பிச்சதே எங்க மாமா பையன் சார். இளவரசு. அங்கதான் மானேஜரு."

"அப்ப அவன்தான் அக்யூஸ்ட்! போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு!"

போட்டாள்.

"மச்சான்! மரியாதையா சொல்லிடு. சீக்ரெட்டை யாருக்கு வித்த?"

"அடிப்பாவி! தில்லைக் காளி மேல சத்தியமா, வந்ததை அப்படியே அனுப்பிச்சேன்!"

பின்னணியில் கத்தி விழுந்தது. டொப்... டொப்... வஞ்சிரம்தான்.

"எழுத்தெழுத்தா படிடா!" என்று உறுமினார் தங்கராசு.

படித்தான். பவானி திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். எல்லாம் சரி. எல்லாமே சரி!

"கடைசி எழுத்து கே. அவ்ளோதான்டி."

பவானி கே-க்குப் பின்னால் கிளிக்கினாள். கண் சிமிட்டும் கர்சர் கோடு கே-யை ஒட்டி நிற்கவில்லை... ஓர் எழுத்து தள்ளி நின்றது!

"சார்... கொலைகாரன் சிக்கிட்டான்!"

"எங்க? எங்க?"

"கண்ணுக்குத் தெரிய மாட்டான் சார். காலி இடம்! காப்பி பண்ணறப்ப ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்!"

பேக்ஸ்பேஸ். ஒரே தட்டு.

'இன்று வஞ்சிரம் வந்தாச்சு!' ட்விட்டரில் வரி விழுந்தது.

விருத்தாசலம் ஒழிந்தது! பவானி சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

தங்கராசுவின் முகம் தொங்கிப் போயிற்று. "ஒண்ணுமே இல்லாததுக்கா இந்த ஆட்டம்?"

ஸ்பீக்கரில் இளவரசு சிரித்தான்.

"சிதம்பரத்துலேருந்து வந்த ரகசியம் சார்! வெட்டவெளி இல்லாம வேற என்னா இருக்கும்?"