நீளமாக அடித்த மணி

"மணியை நான் அணைக்கல சார். ஆனா நாளைக்கு விசாரணையில அப்படித்தான் எழுதப் போறாங்க. வேலை போயிடும்."

குழந்தைகள் வார்டு நர்ஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். துப்பறிவாளர் அலட்டிக்கொள்ளாமல் தலையசைத்தார். அவருடைய மச்சினன், கேட்பதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிட்டான்.

மருந்து வேளைக்கு மணி அடிக்கும் மென்பொருள் அந்த வார்டுக்குப் புதிது. வந்த வாரமே, சனிக்கிழமை இரண்டு மணிக்கு அது அடிக்கவில்லை. ஒரு சிறுமிக்கு மருந்து தாமதமாகி வலிப்பு வந்துவிட்டது.

"பொண்ணு பிழைச்சுட்டா, அதுவே போதும். ஆனா பொய் சொல்றேன்னு சொல்றாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

"யாரோ ஒயரைப் பிடுங்கிட்டாங்க அத்தான்!" என்றான் மச்சினன்.

"கொஞ்சம் பொறுடா. அன்னிக்குக் காலையில அடிச்சுதாம்மா?"

"பத்து மணிக்கு எப்பவும் போல அடிச்சுது. பன்னிரண்டுக்கு மட்டும் ரொம்ப நீளமா அடிச்சுது. கால்ல கட்டுப் போட்ட வாண்டு ஒருத்தன் பையைத் தூக்கிக்கிட்டு, 'வீட்டுக்குப் போலாமா'ன்னு கேட்டான். வார்டே சிரிச்சுது."

துப்பறிவாளர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் விசாரணை அறையில் மென்பொருளைச் செய்தவர் விறைப்பாக நின்றார்.

"எல்லாத்தையும் புதுசா எழுதினா எப்ப முடியறது சார்? ஏற்கெனவே செஞ்ச பாகங்களை எடுத்துக் கோத்துடுவோம். மணி அடிக்கிற பாகம் எட்டு வருஷமா ஓடுது. ஒழுங்கா ஓடுறதைத் திறந்து பார்க்கவே மாட்டோம்."

"இங்க என்னிக்குச் சோதிச்சீங்க?" துப்பறிவாளர் குறுக்கிட்டார்.

"புதன், வியாழன்."

"தேதியைச் சனிக்கிழமைன்னு மாத்துங்க. நேரம் பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

மணி அடித்தது. நீளமாக, நிற்காமல். பிறகு நேரத்தை இரண்டுக்கு நகர்த்தினார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. தலைமை மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பாகத்தை முதல்ல யாருக்காகச் செஞ்சீங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

செய்தவர் முகம் வெளுத்தது. "ஒரு பள்ளிக்கூடத்துக்கு."

"சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பன்னிரண்டுக்கு வீட்டுக்குப் போற மணி, அப்புறம் மணியே கிடையாது. அது தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு வந்தது அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதை முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்லை. பையைத் தூக்கின அந்த வாண்டு."

தலைமை மருத்துவர் வேலைநீக்கக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். "மன்னிச்சுடும்மா" என்றார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பார்த்தது செய்தவரை.

"சார், இந்த மணியை வேற எந்த ஆஸ்பத்திரியில மாட்டியிருக்கீங்க?"

பதில் சொல்ல அவர் நிற்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.