தரையிறங்கிய கடிகாரம்

"செத்தவரோட கடிகாரமெல்லாம் ஓடுதுங்க ஐயா" என்றாள் ராய்னா.

கறுப்புச் சால்வையில் ஒட்டிய பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்ன நாற்காலியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவர் ஆசென், பணி ஓய்வு பெற்ற விசாரணை நீதிபதி. அவருடைய வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் இளம் வக்கீல் நெவேனா, தன் கட்சிக்காரர்களை அம்போ என்று விட்டுவிட்டு இப்படிப்பட்ட பேச்சுகளுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இன்றும் கதவோரம் நின்றிருந்தாள்.

"ஓடறதுல என்ன அதிசயம்? கடிகாரம்னா ஓடத்தானே செய்யும்" என்றாள்.

"நீ கம்முனு இரு" என்றார் ஆசென். "அம்மா, நீங்க சொல்லுங்க."

ராய்னாவின் கணவர் நைடென், பழைய போர் விமானங்களின் கடிகாரங்களைச் சேர்த்தவர். விமானியின் முன்னால் பலகையில் பதித்திருக்கும் கறுப்பு முகக் கடிகாரங்கள். வீட்டில் ஒரு சுவர் முழுக்க அவைதான். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், அதற்கு மேல் தாங்காது. போன மாதம் நைடென் நிலவறைப் படியில் விழுந்து செத்தார். கடிகார அறையை ராய்னா பூட்டினாள், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நேத்து நாப்பதாம் நாள் காரியம். காலைல கல்லறைக்குப் போய் மதுவை ஊத்திட்டு வந்து, வந்தவங்களுக்கு வேகவெச்ச காரியக் கோதுமையும் ரொட்டியும் போட்டேன். எல்லாரும் போனப்புறம் அந்த அறையைத் திறந்தேன். அவர் போனதோட ஒடுங்கிப்போயிருந்ததெல்லாம் டிக் டிக்னு ஓடுது. ஒண்ணைத் தவிர."

"அந்த அறைக்கு உங்க கணவர்கிட்டயும் ஒரு சாவி இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. எப்பவும் சட்டைப் பையில வெச்சிருப்பார். விழுந்து கிடந்தவரைத் தூக்கினப்போ அது இல்ல. ஆஸ்பத்திரி அவசரத்துல எங்கயோ விழுந்திருக்கும்னு விட்டுட்டேன்."

ஆசென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் நல்லதாக இல்லை என்று பொருள்.

"அந்தக் கடிகாரங்களை அவர் ஏன் சேர்த்தார்?"

அப்போதுதான் ராய்னா உட்கார்ந்தாள்.

அவர்களுடைய ஒரே மகன் லூபென் போர் விமானி. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு மூடுபனி நாளில் அவனுடைய மிக் விமானம் மலையில் விழுந்தது. மூன்று நாள் கழித்துத்தான் இடம் தெரிந்தது. பையன் வழி தவறி, சொல்பேச்சு கேட்காமல் ஒன்றேகால் மணி நேரம் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தான் என்று எழுதி மூடிவிட்டார்கள். விமானத் தளத்து வாசலில் இறந்த விமானிகளின் பெயர் செதுக்கிய கல் இருக்கிறது. லூபென் பெயர் அதில் இல்லை.

"அவர் நம்பல. பையன் கிளம்பினதே குறைஞ்ச எண்ணெயோடதான்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அந்தக் கடிகாரத்துல ஒரு குட்டி வட்டம் இருக்கு, எவ்வளவு நேரம் பறந்தான்னு காட்டும். பெரிய முள்ளை யாரும் திருப்பலாம். அந்த வட்டத்து முள்ளைக் கையால திருப்ப முடியாது, ஓடினாத்தான் நகரும். படைக்காரங்க போறதுக்கு முன்னாடி எவனோ ஆட்டிடையன் அதைக் கழட்டிட்டான். கை மாறி கை மாறி எங்கயோ போயிடுச்சு. இவர் கண்ணுல பட்ட கடிகாரத்தையெல்லாம் வாங்கினார். பின்மூடில நம்பர் இருக்கும், அதைப் பார்ப்பார், சுவத்துல மாட்டுவார். இந்த இலையுதிர்காலத்துல கிடைச்சிருச்சு. கரபெட் கொண்டுவந்த மூட்டைல இருந்துச்சு."

"யார்கிட்ட சொன்னார்?"

"சாராயக்கடைல ஊருக்கே சொன்னார். அவர் மனு போட்டு வாங்கின மறுவிசாரணை இந்த வியாழக்கிழமைதான் ஐயா. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் எடுத்து வைப்பேன், அதுவரைக்கும் என் சுவத்துல இருக்கும், எதுன்னு எவனுக்கும் தெரியாதுன்னார். எனக்கே காட்டல. பாத்தா அழுவே, அழுதா வாயை விட்டுடுவேன்னார்." அவள் சால்வையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். "எம்புள்ள பேர் அந்தக் கல்லுல ஏறணும் ஐயா. வேற ஒண்ணும் வேண்டாம்."

*

ராய்னா கடிகார அறைக் கதவைத் திறந்ததும் நெவேனா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மதிய மூடுபனி வெள்ளையாக அப்பிக்கிடந்தது. சுவர் முழுக்கக் கறுப்பு முகங்கள். ஒன்றைத் தவிர எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன, ஆனால் ஒன்று காட்டிய மணியை இன்னொன்று காட்டவில்லை. ஒன்றில் விடியற்காலை, பக்கத்தில் நடுப்பகல். ஒவ்வொரு முகத்திலும் குட்டி வட்டத்துக்குள் கடுகளவு ஜன்னல், ஜன்னலுக்குள் சிவப்பு. அத்தனை சிவப்புக் கண்களும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"அத்தை, அந்தச் சிவப்பு என்ன?"

"இடது குமிழைத் திருகினா சாவி ஏறும், அமுக்கினா பறப்பு தொடங்கும், ஜன்னல் சிவப்பாகும். இறங்கினதும் இன்னொரு தரம் அமுக்குவாங்க, பாதி சிவப்பு பாதி வெள்ளையாகும். மூணாந்தரம் அமுக்கினா முள் பழையபடி தொடக்கத்துக்குப் போயிடும், முழு வெள்ளை. இவர் எல்லாத்தையும் சிவப்புலயேதான் வெச்சிருந்தார். புள்ள இறங்கற வரைக்கும் என் வீட்ல எதுவும் இறங்காதும்பார்."

ஆசென் சுவரோரமாக நடந்தார். இரண்டு மூன்று கடிகாரங்களின் இடது குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தார். "முழு முறுக்குல இருக்கு. நேத்துதான் சாவி கொடுத்திருக்கான்."

"கடிகாரப் பைத்தியம் எவனாவது மனசு கேக்காம செஞ்சிருப்பான்" என்றாள் நெவேனா.

"மனசு கேக்காதவன் மணியைச் சரியா வெச்சிருப்பான். இவன் வெக்கல. எல்லாம் நின்னுபோன சுவத்துல உடைஞ்ச கடிகாரம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே? ஒவ்வொண்ணா சாவி கொடுத்துப் பாக்கணும். உசுரு வர்றதை விட்டுடு. எது எழுந்திருக்கலையோ அதுதான் விழுந்த விமானத்தோடது."

ராய்னா அதற்குள் ஓடாத அந்த ஒரு கடிகாரத்தைக் கழற்றித் திருப்பியிருந்தாள். பதினெட்டு வருடமாக மனப்பாடமாகிவிட்ட எண்ணை விரலால் தடவினாள்.

"இதான். எம்புள்ளயோடது. இருக்கு ஐயா, எடுத்துட்டுப் போகல."

நெவேனாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் ஏன் பார்த்தோம் என்றிருந்தது. குட்டி வட்டத்தின் முள் ஒன்றேகால் மணியில் நின்றிருந்தது. அறிக்கை சொன்ன அதே கணக்கு.

ராய்னா அந்த முள்ளின்மேல் விரலை வைத்தாள். "அப்ப எம்புள்ள மேலதான் தப்பா? இதுக்காகவா இவர் ஆயுசைத் தொலைச்சார்?"

அழுதாலாவது பரவாயில்லை என்று இருந்தது நெவேனாவுக்கு. ராய்னா அழவில்லை.

"இப்படிக் கொடுங்கம்மா" என்று ஆசென் கடிகாரத்தை வாங்கினார். பின்பக்கத் திருகாணிகளை நகத்தால் தொட்டார். பழைய பித்தளையில் புதுக்கீறல் பளபளத்தது. பிறகு வலது குமிழை லேசாகத் திருப்பினார்.

மலையில் மோதிச் செத்த கடிகாரம் அவர் உள்ளங்கையில் ஓடத் தொடங்கியது.

ராய்னா இரண்டடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இது பேயில்ல, ஆள் வேலை. நல்லா ஓடற கடிகாரத்தைக் கொண்டுவந்து, வலது குமிழைத் திருப்பி நிறுத்தி மாட்டியிருக்கான். நம்பர் இருக்கற பின்மூடியை மட்டும் உங்க பையனோடதுல இருந்து கழட்டி இதுக்குப் போட்டுட்டான். காணாமப் போனா சந்தேகம் வரும். இருந்து, அறிக்கை சொன்னதையே காட்டினா வியாழக்கிழமையோட கதை முடிஞ்சுது. நேத்துக் காலைல நீங்க கல்லறைல இருந்த நேரத்துல உங்க கண்ணுல படாதவங்க யார் யார்?"

ராய்னா யோசித்தாள். மெக்கானிக் மீன்சோ அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டிலேயே இருந்தான். ஒரு காலத்தில் லூபெனின் விமானத்தில் கருவிகளைச் சரிபார்த்தவன். கடிகார வியாபாரி கரபெட் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். லூபெனின் காலத்தில் தளத்துத் தளபதியாக இருந்த பழைய விமானி கர்னல் தராலிஸ்கி, வண்டி மக்கர் பண்ணியதால் தாமதம் என்று கல்லறைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் நைடெனைப் பற்றி உருக்கமாகப் பேசியவரும் அவர்தான்.

"மூணு பேரையும் நாளைக்கு மத்தியானம் கூப்பிடுங்க" என்றார் ஆசென். "மிச்சக் கோதுமை இருக்குன்னு சொல்லுங்க."

வெளியே வந்ததும் நெவேனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மீன்சோதானே ஐயா? வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கான்."

"அந்தப் பொய்க் கடிகாரத்து ஜன்னல் என்ன நிறத்துல இருந்துச்சு?"

"கவனிக்கல."

"அவனும் கவனிக்கல" என்றார் ஆசென்.

*

மறுநாள் மேசையில் மூன்று கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றிலும் சிவப்பு.

"என்னக்கா, கோதுமைன்னு கூப்பிட்டுட்டு இரும்பைப் படைச்சிருக்கே?" என்றான் மீன்சோ.

"விலை பேசவா?" என்று கரபெட் கைகளைத் தேய்த்தான். "இருக்கற எல்லாத்துக்கும் சேர்த்துன்னா நல்ல விலை போடலாம்."

"விதவை வீட்ல வாயை அடக்குய்யா" என்றார் கர்னல். நிமிர்ந்த முதுகு, நரைத்த மீசை, மடிப்புக் கலையாத கோட்டு. அவர் ராய்னாவின் கையை முத்தமிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சின்ன உதவி" என்றார் ஆசென். "இந்தச் சத்தத்துல என்னால பேச முடியல. ஆளுக்கு ஒண்ணை நிறுத்துங்க."

கரபெட் வலது குமிழைத் திருப்பினான். நின்றது. மீன்சோவும் வலது குமிழைத் திருப்பினான். நின்றது. கர்னலின் பெருவிரல் இடது குமிழை ஒருமுறை அமுக்கியது, பிறகுதான் வலது பக்கம் போய்த் திருப்பியது. அதுவும் நின்றது. அறையில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"கர்னல், நீங்க என்ன செஞ்சீங்க?"

"நிறுத்தினேன். வேற என்ன?"

"அவங்க ரெண்டு பேரும் நிறுத்தினாங்க. நீங்க தரையிறங்கினீங்க."

ஆசென் கோட்டுப் பையிலிருந்து பொய்க் கடிகாரத்தை எடுத்து நான்காவதாக வைத்தார். அதன் ஜன்னலும், கர்னலின் முன்னால் இருந்ததன் ஜன்னலும், இரண்டும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. நெவேனா இப்போது பார்த்தாள். முகம் சுட்டது. சுவர் நிறையச் சிவப்புக்கு நடுவில் இது ஒன்றுதான் அரைக்கண் மூடியிருந்திருக்கிறது, தன் கண்ணுக்கு எட்டவில்லை.

"லூபென் மலையில மோதினான். விழுந்து சாகறவன் குமிழை அமுக்கிப் பறப்பை முடிக்க மாட்டான். அவன் கடிகாரம் சிவப்புலதான் நின்னிருக்கணும். இது பத்திரமா இறங்கினதாச் சொல்லுது. ஒன்றேகால் மணி நேரம் உங்க வீட்ல ஓடவிட்டீங்க. முள் வேணுங்கற இடத்துக்கு வந்ததும் நிறுத்தணும். வலது குமிழ் மட்டும் போதும். உங்க விரல் முதல்ல இடது பக்கம் போச்சு. ஆயுசு முழுக்க சக்கரம் தரையைத் தொட்டதும் அமுக்கின விரல், உங்களைக் கேக்காமலே அமுக்கிடுச்சு. மெக்கானிக் அந்தக் குமிழுக்குச் சாவி கொடுக்கறதோட சரி, பறப்பைத் தொட மாட்டார், அது விமானியோட வேலை. கரபெட் விக்கறவர். அமுக்கியிருந்தா பழக்கதோஷத்துல முழு வெள்ளைக்கே கொண்டுபோயிருப்பார்."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் கர்னல்.

"இல்ல. நைடெனோட பையில இருந்த சாவி உங்ககிட்ட இருந்தா அது சாட்சி. கழட்டின கடிகாரம் இருந்தா அது சாட்சி."

கர்னல் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவனுடைய விரலைப் பார்ப்பது போல.

"வண்டில இருக்கு" என்றார் கடைசியில். "ஆத்துல எறியத்தான் போனேன். பாலம் வரைக்கும் போனேன், கை வரல."

நெவேனா மூடுபனிக்குள் ஓடினாள். வண்டியின் முன்பெட்டியில் ஒரு பழைய தோல் கையுறை, அதற்குள் பின்மூடி இல்லாத கடிகாரம், கூடவே ஒரு சாவி. அவள் திரும்பி வந்தபோது கர்னல் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குத் தளத்துல எண்ணெய் இல்ல. தலைநகர்ல இருந்து பெரியவங்க வந்திருந்தாங்க. ஒண்ணாவது மேலே போகணும். அரைகுறைத் தொட்டியோட அனுப்பினேன். ஒரு சுத்து சுத்திட்டு இறங்குடான்னேன். பனி இறங்கிடுச்சு, அவனால இறங்க முடியல. அப்புறம் நான்தான் எழுதினேன், அவன் சொல்பேச்சு கேக்கலன்னு."

"என் வீட்டுக்காரரு?" என்றாள் ராய்னா.

"அவர் சாராயக்கடைல சொன்ன வாரம் இங்க வந்தேன், அந்தக் கடிகாரத்தைக் கொடுத்துடுன்னு கெஞ்சினேன். என் மூஞ்சியக்கூடப் பாக்காம நிலவறைக்கு இறங்கினார். தோளைப் பிடிச்சுத் திருப்பினேன், கால் வழுக்கிடுச்சு. கீழ கிடந்து கையை நீட்டினார். உசுரு இருந்துச்சு. நான் பையில இருந்து சாவியை எடுத்தேன். வாசல்ல உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு, தோட்டத்து வழியா போயிட்டேன். முந்தாநேத்தும் அந்த வழியாத்தான் உள்ள வந்தேன், மீன்சோ அடுப்படியை விட்டு வரல."

மீன்சோ எழுந்து கதவை அடைத்து நின்றுகொண்டான். தேவையே இருக்கவில்லை, கர்னல் அசையவில்லை.

நெவேனா கையுறையை ராய்னாவின் முன் வைத்துப் பிரித்தாள். பின்பக்கம் உள்ளே சக்கரங்கள் நெளிந்து கிடந்தன. குட்டி முள் இருபது நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. ஜன்னல் முழுச் சிவப்பு.

"இன்னும் மேலயே இருக்கான்" என்றாள் ராய்னா. அவள் பெருவிரல் இடது குமிழுக்குப் போனது.

ஆசென் அவள் கையை மெல்லப் பிடித்தார். "வியாழக்கிழமை அவங்க பாக்கட்டும்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் காத்திருந்தாள். வியாழக்கிழமை மட்டுமல்ல, தளபதிக்குத் தண்டனை சொன்ன நாளிலும் அதைத் தொடவில்லை. வசந்தத்தில் கல்லில் லூபெனின் பெயரைக் கொத்தி முடித்தார்கள். கொத்தன் தூசியை ஊதிவிட்டு விலகிக்கொண்டான். நெவேனா பக்கத்திலேயே நின்றிருந்தாள். ராய்னா மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பெயரின்மேல் வைத்து, இடது குமிழை ஒருமுறை அமுக்கினாள். ஜன்னலில் பாதி வெள்ளை வந்தது.

"இறங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு, பதினெட்டு வருடமாக அழாத அழுகையை அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.